நீளக் கழுத்துக் கொழுக்கி

விளையாட்டு ரயில் பெட்டிகளுக்குக் கொழுக்கி மாட்டத் தெரிந்த குடும்பப் பெண் மட்டக்களப்பில் என்னைத் தவிர வேறொருத்தி இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. இருந்தால் சந்தோஷம். அவளைக் கூப்பிட்டு, ஒரு தேத்தண்ணி கொடுத்து, மணிக்கணக்காகப் பேசுவேன். இந்த விஷயத்தைப் பேச எனக்கு ஆளே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "ஒங்களுக்கும் அவருக்கும் வேற வேல இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் தேங்காய் திருவப் போய்விட்டாள். அவள் கேட்டதில் பிழையில்லை. வேறு வேலை இல்லைதான்.

என் கணவர் ரயில் ஸ்டேஷனில் ரிக்கெற் கொடுக்கும் கிளாக்கராக இருந்தவர். சண்டையினால் ரயில் ஓடாத வருடங்கள் எங்கள் ஊரில் பல. ரயில் வராத ஸ்டேஷனில் ரிக்கெற் கிளாக்கருக்கு என்ன வேலை? காலையில் வெளிக்கிட்டுப் போவார், கதிரையில் இருப்பார், பின்னேரம் வருவார். அந்தக் காலத்தில்தான் அப்போது ஜேர்மனியில் இருந்த அவருடைய தம்பி ஒரு பெரிய பார்சல் அனுப்பினார். உள்ளே விளையாட்டு ரயில். எஞ்சின், பெட்டிகள், தண்டவாளத் துண்டுகள் எல்லாம் இருந்தன. அங்கே யாரோ ஒரு கிழவர் செத்துப்போக, பிள்ளைகள் அவருடைய சாமான்களை வீதியோரம் வைத்துவிட்டார்களாம். "குப்பையில கிடந்ததையா அனுப்பியிருக்கார்?" என்று கேட்டேன். அவர் காதில் விழவில்லை. ஒவ்வொரு பெட்டியாக எடுத்துச் சாரத்து நுனியால் துடைத்து மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு ஆம்பிளை அவ்வளவு பக்குவமாக எதையும் துடைத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு எங்களுக்கு மகள் பிறந்தாள். ஒரே பிள்ளை. அவள் எழும்பி நிற்கப் பழகியதே ரயில் மேசையின் காலைப் பிடித்துத்தான். வளர்ந்த பிறகு அந்த அறையே அவளுடைய அறையாயிற்று. ஒரு பக்கம் அவளுடைய கட்டில், ஜன்னல் பக்கம் ரயில். நடுவில் நான் கூட்டுவதற்குக் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். தகப்பனும் மகளும் அந்த ரயிலை ஏறாவூருக்கும் வாழைச்சேனைக்கும் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். சாப்பிடக் கூப்பிட்டால், "கோச்சி ஸ்டேஷனுக்குள்ள வரட்டும்மா" என்பாள். வந்து சேர்வதற்குள் சோறு ஆறிவிடும்.

அந்தப் பெட்டிகளில் வந்த கொழுக்கி வளையக் கொழுக்கி. ஒவ்வொரு பெட்டியின் இரண்டு முனையிலும் ஒரு அகலமான கம்பி வளையம், அதன் நடுவில் ஒரு கொக்கி. ஒன்றையொன்று முட்டினால் ஒன்றின் வளையம் மற்றதன் கொக்கிக்கு மேலே ஏறி விழும். மாட்டுவது சுலபம். கழற்றுவதுதான் பாடு. கையால் தூக்கிக் கழற்ற வேண்டும். மகள் ஒரு பெட்டியைத் தூக்கினால் பக்கத்துப் பெட்டியும் சேர்ந்து கவிழும். அவளுக்குக் கோபம் வந்துவிடும். அந்தக் கோபம் என்னுடையது, அப்படியே வந்திருந்தது. மேசையில் தட்டிவிட்டு, "கை வைக்காமக் கழர்ற கப்ளிங் இல்லையாப்பா?" என்பாள். "இருக்கு. ஆனா விலை" என்பார் அவர்.

ரயில் திரும்ப ஓடத் தொடங்கியிருந்த காலத்தில் அந்த மார்கழி வந்தது. கல்குடாவில் கடற்கரைப் பக்கம் தனியாக இருந்த என் அக்கா எங்களிடம் வந்திருந்தார். பள்ளிக்கூட விடுமுறைதானே, பிள்ளையைக் கொஞ்ச நாள் தன்னோடு வைத்திருந்து அனுப்புகிறேன் என்றார். ரயிலில் போகலாம் என்றதும் மகள் குதித்தாள். என் கணவர்தான் ரிக்கெற் கொடுத்தார். அவர்தான் அவளை ஏற்றி, ஜன்னலோரம் இருத்தி, அவள் தலையை உள்ளே தள்ளிவிட்டு இறங்கினார். கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அக்கா வீட்டில் இருந்தாள்.

அக்காவைக் கண்டெடுத்தார்கள். மகளைக் காணவில்லை.

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தேவாலயம் என்று எங்கெல்லாம் உடல்களைக் கிடத்தியிருந்தார்களோ அங்கெல்லாம் போனோம். துணியை விலக்கி முகம் பார்த்தது நான். அவர் வாசலில் நிற்பார். "நீ பாத்திட்டு வா" என்பார். பொம்பிளையை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நிற்கிற ஆம்பிளையா என்று எனக்கு வயிறு எரிந்தது. வாசலில் நின்றுகொண்டு அவர் வருகிற போகிற சனங்களிடம் வேறு எதையோ விசாரித்துக்கொண்டிருந்தார். செத்தவர்களுக்குள் அவர் மகளைத் தேடவே இல்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

அக்காவுக்கு முப்பத்தோராம் நாள் கிரியை செய்து அமுது படைத்தோம். அதற்கு முதல் நாள் அவரிடம், மகளுக்கும் சேர்த்துச் செய்வோம் என்று கேட்டேன். எங்கள் வழக்கத்தில் தகப்பன்தான் இருந்து செய்ய வேண்டும்.

"உடம்பக் காணாம என்னெண்டு செய்யிற?" என்றார்.

"கடல் குடுக்கல்லயெண்டா நாம என்ன செய்யிற? புள்ள பசியோட நிக்குமே."

எழும்பிப் போய்விட்டார். அடுத்த வருடமும் கேட்டேன். அதற்கடுத்த வருடமும் கேட்டேன். கிரியை செய்யாத உயிர் பசியோடு வாசலில் நிற்கும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நான் அதை முழுதாக நம்புகிறவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சோறு போடக் கோப்பையை எடுக்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்துவிடுவேன். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவர் விரலில் தர்ப்பையைப் போட்டுக்கொண்டு மகளுக்கென்று இருக்க வேண்டும். அவள் செத்துப்போனாள் என்று இந்த வீட்டில் இன்னொரு ஆளும் சொல்ல வேண்டும். அதை நான் ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

மகளின் அறையை அவர் கொஞ்ச காலம் பூட்டி வைத்திருந்தார். பிறகு ஒருநாள் திறந்து ரயில் மேசையில் இருந்தார். அன்றிலிருந்து ஸ்டேஷன், இல்லாவிட்டால் அந்த அறை. என்னோடு பேச்சு இல்லை. கோபம் என்று இல்லை. பேச ஒன்றும் இல்லாதவர் போல இருந்தார். சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் சாப்பிடுவார். கோப்பையை எடுக்க நான் போகும்போது நன்றி சொல்கிற மாதிரித் தலையை ஆட்டுவார். கட்டிய புருஷன் தலையை ஆட்டினால் அதற்கு என்ன பதில் சொல்வது? நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு சமைப்பேன். வீட்டில் யாராவது பேச வேண்டுமே.

அவருடைய தம்பி இதற்கிடையில் கனடாவுக்கு மாறியிருந்தார். அங்கேயிருந்து ஒரு சின்னப் பார்சல் வந்தது. சின்னச் சின்னப் பொலித்தீன் பைகளில் விதவிதமான கொழுக்கிகள். என் கணவர்தான் போன் எடுத்துக் கேட்டிருக்கிறார். என்னிடம் பேச நேரமில்லாத மனுசன் கனடாவுக்குக் கொழுக்கி கேட்டுப் போன் எடுத்திருக்கிறார்!

இது வேறு சாதிக் கொழுக்கி. பாதி மடக்கிய விரல்கள் போல இருக்கும். முட்டும்போது ஒன்றின் விரல் மற்றதன் விரலுக்குள் பூட்டிக்கொள்ளும். கீழே ஒரு மெல்லிய கம்பி வளைந்து தொங்கும். தண்டவாளத்துக்கு நடுவில் ஒரு காந்தத்தைப் புதைத்தால், அந்தக் கம்பிகள் அதற்கு மேலே வரும்போது இரண்டு பக்கமும் இழுபட்டு, விரல் திறந்து பெட்டி கழரும். அவர் ஒரு வெள்ளைத் துணியை விரித்து எல்லாவற்றையும் பரப்பினார். பிளாஸ்ரிக்கில் சில, உலோகத்தில் சில. கழுத்துக் கட்டையானது, நடுத்தரமானது, நீளமானது. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். என்னைப் பொம்பிளை பார்க்க வந்த நேரம் அவர் இவ்வளவு யோசிக்கவில்லை. பிளாஸ்ரிக் வேண்டாம் என்று முடிவெடுத்தார். எங்கள் சித்திரை வெக்கையில் அதன் வில் இளகிவிடுமாம். உலோகத்தில் கட்டைக் கழுத்து. அப்போதுதான் பெட்டிகள் உண்மையான ரயில் போல நெருங்கி நிற்கும்.

பிறகு முதல் பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, பழைய வளையக் கொழுக்கியை நகவெட்டியால் கத்தரித்தார். அந்தச் சத்தம் குசினிக்குக் கேட்டது. போய்ப் பார்த்தேன்.

"என்னத்துக்கு வெட்டுறீங்க? அது புள்ள பிடிச்ச கொழுக்கி."

"இது சரியில்ல. பெட்டி தள்ளித் தள்ளி நிக்குது."

"ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்ல நீங்க. இப்ப ஒங்களுக்குக் கொழுக்கி சரியில்லையா?"

நான் கத்தியது ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். அவர் பெட்டியைத் திருப்பி மற்ற முனையையும் கத்தரித்து, வெட்டிய துண்டைப் பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டார். மகளின் கை பட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டி எறிகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அன்றைக்கு அவரை வெறுத்தேன். சும்மா வாய்க்குச் சொல்லவில்லை, உண்மையாகவே வெறுத்தேன்.

பழைய கொழுக்கியை வெட்டிவிட்டார். புதியதை மாட்ட அவருக்குக் கண் தெரியவில்லை. இந்த விரல் கொழுக்கிக்குள் ஒரு சுருள் வில் இருக்கிறது. கடுகைவிடச் சின்னது. அது விழுந்துவிட்டால் விரல் பூட்டாது. அதுவோ விழுவதற்கென்றே பிறந்தது. அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றுவார், இறக்குவார், மூச்சை அடக்குவார், வில் பறந்துவிடும். பிறகு நிலத்தில் முழங்காலில் நின்று டோர்ச் அடித்துத் தேடுவார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். உதவி செய்யக் கூடாது என்று எனக்குள் சத்தியம் செய்திருந்தேன். ஒருநாள் நிலத்தில் இருந்தபடியே தலையைத் திருப்பி, "கொஞ்சம் வாறியா?" என்றார். தலையாட்டல்தான் பேச்சு என்றிருந்த மனுசனிடமிருந்து அது வந்தது. என் சத்தியத்துக்கு அவ்வளவுதான் ஆயுள்.

நான் துணியில் பூத் தைக்கிறவள். ஊசி முனையை வில்லின் சுருளுக்குள் குத்தி, அப்படியே கொண்டுபோய் ஒரு பக்கத்தை மாட்டி, அழுத்தி, மற்றப் பக்கத்தை மாட்டினேன். அவர் அடுத்த பெட்டியை எடுத்துத் தந்தார். இப்படித்தான் நான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். பெட்டியின் வயிற்றில் ஒரு சின்னக் கூட்டை ஒட்ட வேண்டும். அதற்குள் கொழுக்கியின் கழுத்தை வைத்து, மூடி போட்டு, ஆணி முறுக்க வேண்டும். கழுத்து இரண்டு பக்கமும் தாராளமாக ஆட வேண்டும், விட்டதும் நடுவுக்கு வர வேண்டும். எல்லாப் பெட்டியிலும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தால் மேடு பள்ளத்தில் நழுவிவிடும். அதற்கு ஒரு பெட்டியைச் சரியாகச் செய்து அளவுக்கு வைத்துக்கொண்டோம். உயரம் காணாத இடத்தில், போனுக்குக் காசு போட்டுச் சுரண்டி முடித்த ரீலோட் அட்டையைச் சின்னதாக வெட்டி அண்டை கொடுத்தோம். அது என் யோசனை. அவர் ஸ்டேஷனுக்குப் போன நேரங்களில் நான் ரோட்டில் கிடக்கிற ரீலோட் அட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

ஒருமுறை சில கொழுக்கிகள் இறுகி ஆடாமல் நின்றன. இறுகினால் எண்ணெய் விடுவதுதானே உலகத்து வழக்கம்? அவர் வீட்டில் இல்லை. நான் ஈர்க்கு நுனியில் தேங்காயெண்ணெய் தொட்டு எல்லாக் கூட்டுக்கும் ஒவ்வொரு துளி விட்டேன். நன்றாக ஆடின. எனக்கே என்னில் பெருமை. அடுத்த நாள் காலையில் அவர் அறைக்குள் போய், "இஞ்ச வந்து பாரு" என்று கூப்பிட்டார். ஜன்னலிலிருந்து மேசைக் கால் வழியாக எறும்புச் சாரி. தண்டவாளத்திலேயே ஏறி, ஒழுங்காக வரிசையில் வந்து, பெட்டிகளுக்குக் கீழே நுழைந்துகொண்டிருந்தன. "எல்லாம் ரிக்கெற் எடுத்ததுகளா?" என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவருடைய கண் கட்டில் பக்கம் போனது. சிரிப்பு நின்றுவிட்டது. நாள் முழுக்கக் கூடுகளைக் கழற்றிச் சவர்க்காரத்தில் கழுவிக் காயவைத்தோம். இதற்கு எண்ணெயே ஆகாதாம். பென்சில் கூரைச் சுரண்டி அந்தத் தூளைத்தான் போட வேண்டுமாம். முதலே சொல்லியிருக்கலாம்.

நீளமான பிரயாணிப் பெட்டிகளுக்கு மாட்டி முடித்து ஓட்டிப் பார்த்தபோது இன்னொரு சிக்கல் வந்தது. பழைய கொழுக்கி கீழே ஓடுகிற சில்லோடு சேர்ந்து திரும்பும். புதியது பெட்டியின் உடம்போடு நிற்கிறது. வளைவில் பெட்டியின் முனை வெளியே போக, கட்டைக் கழுத்து எட்டாமல் இழுத்து, பெட்டி கவிழ்ந்துவிட்டது. எத்தனை முறை ஓட்டினாலும் அதே வளைவில் அதே பெட்டி. வளைவைப் பெரிதாக்க வேண்டும் என்றார். வளைவைப் பெரிதாக்க மேசை பெரிதாக வேண்டும். மேசை பெரிதாக இடம் வேண்டும்.

அந்த அறையில் இடம் எடுக்கக்கூடியது ஒன்றுதான் இருந்தது. அதைப் பற்றி நான் கனகாலமாக யோசித்திருந்தேன். கிழமைக்கு ஒருதரம் அந்தக் கட்டிலின் விரிப்பை உதறிப் போடுகிறவள் நான். அதை வெளியே எடுத்தால் எனக்கும் கொஞ்சம் மூச்சு வரும் என்று இருந்தது. மெதுவாகத்தான் கேட்டேன்.

"கட்டில எடுத்து மற்ற அறைக்குள்ள போடுவமா? மேசைய இழுக்கலாம்."

அவர் கையில் பெட்டியோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஏதோ பைத்தியக் கதை கதைக்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"அப்ப புள்ள எங்க படுக்கிற?" என்றார்.

நான் குசினிக்குப் போய் அடுப்புக்கு முன்னால் நின்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. கல்குடாவில் ஒரு ஆள் அந்த நாளிலேயே சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. தண்ணி வடிந்த பிறகு ஒரு பெண் பிள்ளையை யாரோ உழவு மெசினில் ஏற்றி வாகரைப் பக்கம் கொண்டு போனதைக் கண்டாராம். அப்படிக் கண்டவர்கள் அந்த நாட்களில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். நான் அதை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். அவர் விடவில்லை. வாகரைச் சனம் இடம்பெயர்ந்து கிரானிலும் சித்தாண்டியிலும் முகாம்களில் வந்து இருந்தபோது, பழைய உடுப்பு கொடுக்கிறேன் என்று சைக்கிளில் மூட்டையோடு போய்ப் போய் வந்தார். எங்கள் வீட்டில் கொடுக்க அவ்வளவு உடுப்பு ஏது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

திரும்பிப் போய்க் கேட்டேன். "அவ வருவாண்டா நினைக்கிறீங்க?"

"வன்னியில தாய் தகப்பன் இல்லாத புள்ளையள் நிறைய நிக்குதாம். வாகரையால அங்க கொண்டு போயிருப்பாங்க. பாதையெல்லாம் பூட்டு. ஒரு கடிதம் போடவும் ஏலாது. சண்டை முடியட்டும்."

பிறகு மேசையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். தண்டவாளத்துக்கு நடுவில் காந்தம் புதைத்திருந்த இடம். "இனி அவ கை வைக்கத் தேவையில்ல" என்றார்.

மகளின் கையை அழிக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் மகளின் கைக்காகச் செய்துகொண்டிருந்தார். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. பிணங்களின் முகத்துணியை விலக்கிப் பார்த்தது நான், அந்த நாற்றத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான். இவர் வாசலில் நின்றபடியே தப்பிவிட்டார். செத்துப்போனாள், மனுசா, செத்துப்போனாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தேன். நான் மாட்டிய வில் அதில் இருந்தது. சொல்லவில்லை. ஒரே மேசையில் நின்று ஒரே பெட்டியைப் பிடிக்கிறோம், அவருக்குப் பிள்ளை வரப்போகிறாள், எனக்குப் பிள்ளை இல்லை. நான் தனியாகப் படுத்த இரவுகள் உண்டு, தனியாகச் செத்தவீட்டுக்குப் போன நாட்கள் உண்டு. ஆனால் அவருக்குப் பக்கத்தில் அப்படி நின்றபோது இருந்த தனிமை வேறெதிலும் இருக்கவில்லை.

"கட்டில் இருக்கட்டும். நீளக் கழுத்துள்ளதப் போட்டுப் பாப்பம்" என்றேன்.

அவர் ஒரு நீளக் கழுத்தை எடுத்துப் பெட்டியின் முனையில் வைத்துப் பார்த்தார். "பெட்டி தள்ளி நிக்குமே."

"நிக்கட்டும். கவிழாம வந்தாக் காணும்."

கட்டைக் கழுத்துகளைக் கழற்றிவிட்டு நீளக் கழுத்துகளை மாட்டினோம். முன்னர் வளையக் கொழுக்கியில் இருந்த அதே இடைவெளி திரும்ப வந்துவிட்டது. அதற்காகத்தானே அதையெல்லாம் வெட்டி எறிந்தார் என்று கேட்க ஆசையாக இருந்தது. ரயில் வளைவில் நெளிந்து திரும்பிக் கவிழாமல் வந்தது. காந்தத்துக்கு மேலே நிறுத்தி, கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, முன்னுக்கு விட்டார். கடைசிப் பெட்டி தானாகக் கழன்று நின்றது. அவர் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த வைகாசியில் சண்டை முடிந்துவிட்டதென்று வானொலி சொன்னது. ரவுனில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். ஒவ்வொரு வீட்டுக்கும் வன்னியில் யாரோ இருந்தார்கள், அல்லது இருந்தார்களா என்று தெரியாமல் இருந்தார்கள். அவர் மட்டும் மேசையில் போர்வையை விரித்து வெள்ளைச் சேட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். மகளின் பள்ளிக்கூடப் படம் ஒன்றைச் சட்டத்திலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு, வன்னியிலிருந்து வந்த சனத்தைக் கம்பி வேலிக்குள் வைத்திருந்த வவுனியா முகாம்களுக்கு பஸ் ஏறினார். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "புள்ள வந்தா வீட்டில ஆள் வேணுமே" என்றார்.

அவர் திரும்பும் வரை நான் அந்த அறையில் இருந்தேன். மாட்டாமல் விட்டிருந்த சாமான் பெட்டிகளுக்குத் தனியாக மாட்டினேன். கூடு ஒட்டினேன், வில் மாட்டினேன், உயரம் பார்த்தேன். பேச்சில்லாத அவரோடு செய்தபோது இருந்த ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஒரு வில் விழுந்தது. தேடவில்லை. நிலத்தில் இருந்து அழுதுவிட்டு எழும்பி வேறொன்றை எடுத்தேன்.

வந்தார். அயன் பண்ணிய சேட்டு செம்மண் நிறமாகியிருந்தது. மறுபடி போனார், மறுபடி வந்தார். அந்த வருடம் முழுக்க இப்படித்தான் போய்வந்தார். நான் ஒன்றும் கேட்பதில்லை. கடைசியாக வந்த நாளில் குசினி வாசலில் இருந்து செம்பில் தண்ணி குடித்துவிட்டு, அவராகவே சொன்னார்.

"கம்பிக்கு இஞ்சால நிண்டு பேரச் சொல்லிக் கூப்பிட்டன். அந்தப் பேரில எத்தினையோ புள்ளையள். கூப்பிட எல்லாம் ஓடி வருதுகள். தன்ட அப்பாவாக்குமெண்டு ஓடி வருதுகள். கிட்ட வந்து பாத்திட்டு, இல்லயெண்டு தெரிஞ்சதும் நிக்குதுகள்."

செம்பைக் கீழே வைத்தார். "இனிக் கூப்பிட ஏலாது" என்றார். என்னைப் பார்க்காமல், "ஐயரட்டப் போய் நாள் கேட்டுட்டு வா" என்றார்.

நான் கேட்டுக்கேட்டு ஓய்ந்த சொல் அது. காதில் விழுந்ததும் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் வைத்த செம்பை எடுத்துக் கழுவினேன், கழுவியதையே திரும்பவும் கழுவினேன்.

வாவிக் கரையில்தான் செய்தோம். காலை வெயில் இன்னும் சுடவில்லை. தோணிக்காரர் ஒருவர் எங்களைக் கண்டு தோணியைக் கொஞ்சம் அங்கால் தள்ளிக் கட்டினார். என் கணவர் வேட்டியோடு இருந்தார், மோதிர விரலில் தர்ப்பை. நான் பின்னால் வாழையிலையையும் சாமான்களையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐயர் மகளின் பெயரைக் கேட்டார், நட்சத்திரம் கேட்டார். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார்.

"புள்ளைக்கு எத்தின வயசு?" என்று கேட்டார் ஐயர்.

"பதினொண்டு" என்றேன் நான்.

"பதினாறு" என்றார் அவர்.

ஒரே நேரத்தில் சொல்லிவிட்டோம். ஐயர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிழையாகச் சொல்லிவிட்ட முகம் இல்லை அது. அவருக்கு அவள் பதினாறுதான். அந்த அறையில் ஒவ்வொரு வருடமும் அவளுக்கு ஒரு வயது கூடியிருக்கிறது. அவள் உயர்ந்திருக்கிறாள், பெரிய பிள்ளையாகியிருக்கிறாள். கம்பிக்கு இங்கால் நின்று அவர் தேடியது அந்தப் பெரிய பிள்ளையின் முகத்தை. என் மகள் செத்து ஐந்து வருடம். அவருடைய மகள் இப்போதுதான் செத்திருக்கிறாள். அவருக்கு மகள் ஐந்து வருடம் கூடுதலாக இருந்தாள், நான் பக்கத்து அறையில் இருந்துகொண்டு அவளைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமையோடுதான் நான் அன்றைக்கு அழுதேன்.

"பதினாறெண்டே சொல்லுங்க ஐயா" என்றேன்.

ஐயர் எள்ளை எடுத்து அவருடைய கையில் வைத்தார்.